ஆள் இருப்பதை அறை எப்படி அறிய வேண்டும்? பிஐஆர், ரேடார், கேமரா, டேக்: எதை எங்கே வைப்பது

ஆள் உள்ளே வந்தால் விளக்கு எரிய வேண்டும், வெளியே போனால் அணைய வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான் வேலை. ஆனால் வந்தவர் நாற்காலியில் சாய்ந்து படிக்கத் தொடங்கிவிட்டால், பரவலாகப் பயன்படும் சென்சாரின் கணக்கில் அவர் அறையிலேயே இல்லை. பத்து நிமிடத்தில் விளக்கு அணைகிறது. அவர் கையைத் தூக்கி ஆட்டி மறுபடி எரிய வைக்கிறார். இந்த எரிச்சலில் பலர் அடுத்த முறை எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய கருவியாகத் தேடி வாங்குகிறார்கள். ஒரு விளக்குக்காகச் சுவரில் கேமரா ஏறுவது இப்படித்தான்.

மனிதர் இருப்பதை உணர்ந்து தானாக நடந்துகொள்ளும் அறைகளையும் கட்டடங்களையும் பற்றிய துறையைச் சூழல் நுண்ணறிவு என்கிறார்கள். அதில் கருவி தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று: கருவியைப் பார்ப்பதற்கு முன், அந்த அறைக்கு எந்தக் கேள்வியின் விடை தேவை என்று முடிவு செய்யுங்கள். கேள்விகள் நான்கு. யாராவது இருக்கிறார்களா? எத்தனை பேர்? எங்கே, எந்த நிலையில்? யார் அவர்? ஒவ்வொரு படியாக மேலே போகப் போக மின்சாரமும் செலவும் கூடும். அங்கே இருப்பவரைப் பற்றி அறை தெரிந்துகொள்ளும் விஷயமும் கூடும். வேலையை முடித்துத் தரும் மிகத் தாழ்ந்த படி எதுவோ, அதிலேயே நின்றுவிட வேண்டும்.

வரலாற்றில் இது தலைகீழாகத் தொடங்கியது. 1980களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலியோர் ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்ற சிறு அட்டையை உருவாக்கினார்கள். ஊழியர்கள் அதைச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள். அது 15 நொடிக்கு ஒருமுறை தனக்குரிய குறியீட்டை அகச்சிவப்பு ஒளியில் அனுப்பும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும், அவருக்கு வரும் அழைப்பைப் பக்கத்துத் தொலைபேசிக்குத் திருப்பலாம். அதாவது முதல் முயற்சியே நான்காவது படி. 1991 செப்டம்பரில் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர், கணினிகள் கண்ணில் படாமல் வாழ்க்கையோடு கலந்துவிடும் காலத்தைப் பற்றி ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார். 1998 வாக்கில் ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக நடந்த ஆலோசனைகளில் ‘சூழல் நுண்ணறிவு’ என்ற கருத்து உருவெடுத்தது. அப்போதிருந்தே பேச்சு எல்லாம் மேல்படிகளைச் சுற்றித்தான். ஆனால் அறைகளில் நாம் கேட்கும் வேலைகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே முடிந்துவிடக் கூடியவை.

இருக்கிறாரா, இல்லையா

இந்தப் படியில் உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: பிஐஆர், மில்லிமீட்டர் அலை ரேடார்.

பிஐஆர், அதாவது அகச்சிவப்பை வாங்கி மட்டும் உணரும் சென்சார், எதையும் அனுப்புவதில்லை. மனித உடலின் வெப்பம் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சமாக வெளிப்படுகிறது. அதை வாங்கிக்கொள்வது மட்டுமே இதன் வேலை. உள்ளே எதிரெதிராக இணைத்த இரண்டு உணர்பகுதிகள் இருக்கும். அறை முழுதும் சேர்ந்து சூடானால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஓர் உடல் குறுக்கே நகரும்போது முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் வெப்பம் படும். அந்த ஏற்ற இறக்கம்தான் ‘அசைவு’. முன்னால் இருக்கும் புள்ளிபுள்ளியான பிளாஸ்டிக் மூடி வெறும் அலங்காரம் இல்லை. அது அறையைப் பல துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் ஃப்ரெனெல் லென்ஸ்.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பிஐஆரின் குறைகள் எல்லாம் தானாகவே விளங்கும். அசையாதவரைத் தெரியாது, ஏனென்றால் அது மாற்றத்தை மட்டுமே அளக்கிறது. சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும், ஏனென்றால் துண்டுகளைக் குறுக்கே கடப்பது குறைவு. சுவரின் வெப்பநிலை உடலின் மேற்பரப்பு வெப்பநிலையை நெருங்கும் கடும் வெயில் நாளில் தடுமாறும், ஏனென்றால் வேறுபாடே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்பவரும் தெரிய மாட்டார், சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்பை விடுவதில்லை. கடைசியாகச் சொன்னது பல இடங்களில் நன்மை: கண்ணாடிச் சுவருக்கு வெளியே போகிறவர்கள் உங்கள் விளக்கை ஏற்ற மாட்டார்கள்.

ரேடார் வேறு ஜாதி. அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வீட்டுக் கருவிகளில் 24 கிகாஹெர்ட்ஸும் 60 கிகாஹெர்ட்ஸும் அதிகம். 60இல் அலைநீளம் 5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்கிறது. திரும்பி வரும் அலையின் கட்டத்தில், அதாவது அது தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில், அந்த அசைவு பளிச்சென்று தெரியும். எனவே அசையாமல் படிப்பவரும், சோபாவில் உறங்குபவரும் ரேடாரின் கணக்கில் இருக்கிறார்கள். முன்பு சொன்ன கையாட்டும் பிரச்சினைக்கு இதுதான் நேரான மருந்து.

வாங்கும்போது 24க்கும் 60க்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. ரேடார் தூரத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறியும் என்பது அது பயன்படுத்தும் அலைவரிசையின் அகலத்தைப் பொறுத்தது. 24 கிகாஹெர்ட்ஸில் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் அகலம் 250 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு பேரை அது தூரத்தால் பிரிக்க முடியாது. 60இல் 4 கிகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் அதே பிரிப்பு 4 சென்டிமீட்டருக்கும் கீழே வரும். ஆள் இருக்கிறாரா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் 24 போதும். மேசைப் பக்கம் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று என்று அறையைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டுமானால் 60க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் ரேடாரே வைத்துவிடலாமே? முடியாது, இரண்டு காரணங்கள். முதலாவது மின்சாரம். சாதாரண ரேடார் தொகுதி ஒன்று 5 வோல்ட்டில் 80 மில்லிஆம்பியர் அளவில் இழுக்கும். இரண்டு ஏஏ பேட்டரியில் அது ஒரு நாள்கூடத் தாங்காது. பிஐஆரோ மைக்ரோஆம்பியர் கணக்கில் வாழ்கிறது, பொத்தான் பேட்டரி ஒன்றில் ஓராண்டுக்கு மேல் ஓடும். விட்டுவிட்டு இயங்கி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ரேடார்கள் வரத் தொடங்கியிருக்கின்றன என்றாலும், வயர் போக முடியாத இடத்தில் இன்றும் பிஐஆரே வசதி.

இரண்டாவது, ரேடாருக்குச் சுவர் முழுமையான எல்லை இல்லை. ஜிப்சம் பலகைத் தடுப்பு, மெல்லிய மரக் கதவு இவற்றைத் தாண்டி அலை போகும். பக்கத்து அறையில் நடப்பவர் உங்கள் அறையில் இருப்பதாகப் பதிவாவார். ஓடும் மின்விசிறி, காற்றில் ஆடும் திரை, தொட்டிச் செடி எல்லாமே அதன் கண்ணில் உயிருள்ளவைதான். நல்ல கருவிகளில் தூர எல்லையைக் குறைக்கவும், குறிப்பிட்ட பகுதியைப் புறக்கணிக்கவும் அமைப்பு இருக்கும். அது இல்லாத ரேடாரை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்தவரை சிறந்த ஏற்பாடு இரண்டையும் சேர்ப்பது: எரிய வைப்பது பிஐஆர், அணையாமல் பார்த்துக்கொள்வது ரேடார். பிஐஆர் வேகமாகப் பிடிக்கும். திரை ஆடுவதை ஆளாக எண்ணி எரிய வைக்காது. ஒருமுறை எரிந்தபின் ரேடார் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஆள் இல்லை என்று இரண்டுமே சொன்னால்தான் அணைய வேண்டும். நடைபாதை, படிக்கட்டு, சாமான் அறை போன்ற, யாரும் உட்காராத இடங்களுக்குத் தனி பிஐஆரே போதும். அங்கே ரேடார் வைப்பது செலவுதான்.

மற்றவை சுருக்கமாக. அல்ட்ராசோனிக் சென்சார் தடுப்புகளைச் சுற்றியும் கேட்கும், அதனால் தடுப்புகள் உள்ள பொதுக் கழிப்பறைகளில் நன்றாக வேலை செய்யும். ஏசி காற்றோட்டத்தில் ஏமாறும். வெப்ப அணி சென்சார், எடுத்துக்காட்டாக 8க்கு 8 என 64 புள்ளி கொண்டது, அசையாதவரையும் வெப்பப் பொட்டாகப் பார்க்கும். ஆனால் சில மீட்டர் தாண்டினால் பலவீனம், தரையில் விழும் வெயிலும் அதற்குப் பொட்டுதான். நாற்காலியிலும் கட்டிலிலும் வைக்கும் அழுத்தப் பாய் ஒரே இடத்துக்கு மட்டும் உதவும். அந்த ஓரிடத்தில் அதைவிட நம்பகமானது குறைவு.

கரியமில வாயு சென்சாரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. வெளிக்காற்றில் இப்போது ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் 40,000 பிபிஎம் அளவுக்கு இருக்கும். எனவே மூடிய அறையில் ஆள் இருந்தால் அளவு ஏறும். ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்; எல்லோரும் போன பிறகும் நெடுநேரம் ‘இருக்கிறார்கள்’ என்று காட்டும். விளக்குக்கு இது உதவாது. காற்றோட்டத்துக்கோ இதைவிட நல்ல சென்சார் கிடையாது. அறையில் எத்தனை பேர் என்று எண்ணி, அதிலிருந்து எவ்வளவு காற்று வேண்டும் என்று ஊகிப்பதற்குப் பதில், காற்றையே நேரடியாக அளந்துவிடுகிறது. ஆளைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே வேலை முடிகிறது. முடிந்த இடத்திலெல்லாம் இந்த வகைத் தீர்வைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வைஃபை அலையிலேயே பார்ப்பது

தனியாக சென்சாரே வாங்காமல், ஏற்கெனவே அறையில் பரவியிருக்கும் வைஃபை அலை உடல்களில் பட்டு மாறுவதைக் கொண்டு அசைவை அறியும் முறை இது. 2013இல் எம்ஐடியில் டினா கடாபியின் குழு வைஃபை அலையால் சுவருக்கு அப்பால் இருப்பவரின் அசைவைக் காட்டியது. இதற்கான தரநிலையான 802.11பிஎஃப் 2025இல் வெளியானது. கூடுதல் கருவி வேண்டாம் என்பது பெரிய ஈர்ப்பு. ஆனால் அலமாரியை நகர்த்தினாலே அலைப் பாதைகள் மாறிவிடும், அமைப்பு மறுபடி பழக வேண்டும். எல்லை வகுப்பதும் கடினம்: சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்பவர் எதற்கும் சம்மதிக்காதவர், அவருடைய நடமாட்டமும் உங்கள் ரவுட்டரில் பதிவாகலாம். வீடு காலியாக இருக்கும்போது யாரோ நுழைந்தார்கள் என்று சொல்ல இது பயன்படும். அறை அறையாக முடிவெடுக்க இதை மட்டும் நம்ப நான் இன்னும் சொல்ல மாட்டேன்.

எத்தனை பேர்

கூட்ட அறையை ஒதுக்குவது, நூலகத்தில் இடம் இருக்கிறதா என்று காட்டுவது, அவசரத்தில் கட்டடத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று அறிவது: இவற்றுக்கு எண்ணிக்கை தேவை.

கதவுக்கு மேலே சென்சார் வைத்து உள்ளே போவோரையும் வெளியே வருவோரையும் எண்ணுவது ஒரு வழி. ஒளி போய்வரும் நேரத்தை அளக்கும் சென்சார்கள் இதை முகம் பார்க்காமலே செய்யும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நாளுக்கு 1,000 முறை வாசல் கடக்கப்படுகிறது, 100க்கு 1 தவறு என்று வையுங்கள், 10 தவறுகள். அவை ஒன்றையொன்று ஈடுசெய்தால் நல்லது. ஒரே திசையில் சாய்ந்தால் காலி அறையில் 10 பேர் இருப்பதாகக் காட்டும், அந்தப் பிழை தானாகச் சரியாகாது. ஆகவே வாசலில் எண்ணும் எந்த அமைப்பும், அறை உறுதியாகக் காலி என்று வேறொரு சென்சார் சொல்லும்போது பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். விலைப்பட்டியலில் இது இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறைக்குள் இருக்கும் போன்களை எண்ணி ஆளைக் கணக்கிடும் முறை ஒருகாலத்தில் பிரபலம். 2014இல் ஐஓஎஸ் 8 வந்ததிலிருந்து போன்கள் வைஃபை தேடும்போது தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டன. ஒரே போன் பல போன்களாகத் தெரியும். இந்த முறையை இன்னும் துல்லியம் என்று விற்றால் விலகிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் மிகத் துல்லியமானது கூரையிலிருந்து நேராகக் கீழே பார்க்கும் கேமராதான். படத்தை உள்ளேயே ஆராய்ந்து எண்ணை மட்டும் வெளியே அனுப்பும் கேமராக்கள் கிடைக்கின்றன. இங்கேதான் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘படம் கருவியை விட்டு வெளியே போகாது’ என்பது மென்பொருள் தரும் வாக்குறுதி. அடுத்த அப்டேட்டில் அது மாறலாம், யாராவது ஊடுருவினால் உடையலாம். 64 புள்ளி வெப்ப அணியில் முகம் தெரியாது என்பது இயற்பியல் தரும் வாக்குறுதி. எந்த அப்டேட்டும் இல்லாத புள்ளிகளை உண்டாக்க முடியாது. பெரிய அரங்கின் வாசலில் கேமராவை நான் எதிர்க்கவில்லை. ஆறு பேர் உட்காரும் அறைக்கு அது வேண்டாம்.

எந்த நிலையில்: விழுந்தவரைக் கண்டுபிடிப்பது

இந்தத் துறை உயிர்காக்கும் இடம் இதுதான், தவறான தேர்வு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். தனியாக வாழும் முதியவர் விழுந்துவிட்டால் அறை அதை அறிந்து யாரையாவது அழைக்க வேண்டும். வழிகள் நான்கு: உடலில் அணியும் கருவி, கேமரா, ரேடார், அன்றாட நடமாட்டத்தின் போக்கைப் பார்ப்பது.

அணியும் கருவி விழும் வேகத்தையும் மோதலையும் நேரடியாக அளக்கிறது. எந்த அறையிலும், வெளியிலும்கூட வேலை செய்யும். பொத்தானை அழுத்திப் பேச முடிவது இதன் பெரும் பலம். ஆனால் அணிந்திருக்க வேண்டுமே! சார்ஜ் போட, குளிக்க, தூங்க என்று கழற்றி வைப்பார்கள். குளியலறை வழுக்கும் இடம், கருவி வெளியே மேசையில் இருக்கும். மறதி நோய் உள்ளவர்களிடம் இதை நம்பவே முடியாது.

கேமரா நிலையை நன்றாகப் பிரித்தறியும்: குனிந்தாரா, படுத்தாரா, விழுந்தாரா. ஆனால் விழும் ஆபத்து அதிகமுள்ள குளியலறைக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் அதை வைக்கக் கூடாது. பாதுகாப்புக்காக என்றாலும் கூடாது. தன் வீட்டிலேயே உடை மாற்றத் தயங்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவது பாதுகாப்பு ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ரேடார் இந்த இடத்துக்குப் பொருந்துகிறது. இருட்டிலும் நீராவியிலும் வேலை செய்யும், உடலை முகமில்லாத புள்ளித் தொகுப்பாகவே பார்க்கும், உயரம் சட்டென்று குறைந்து தரையோடு நின்றுவிட்டால் எச்சரிக்கும். அதன் தடுமாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தவரைத் தவறவிடலாம். தரையில் உட்கார்ந்து வேலை செய்பவரையும், குதித்து இறங்கும் நாயையும் விழுந்ததாக எண்ணலாம். இரண்டு பேர் அறையில் இருந்தால் குழப்பம் கூடும்.

பொய் எச்சரிக்கையைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒருவர் ஆண்டுக்கு 2 முறை விழுகிறார், கருவி இரண்டு நாளுக்கு ஒருமுறை தவறாக எச்சரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 180க்கு மேல் பொய், 2 மெய். நூற்றில் ஒன்றுதான் உண்மை என்றால், இரண்டாம் மாதத்தில் மகளோ மகனோ அந்த ஒலியை மௌனமாக்கிவிடுவார்கள். பிறகு கருவி சரியாகவே சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. எனவே விற்பவரிடம் ‘எத்தனை சதவீதம் கண்டுபிடிக்கும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை பொய் எச்சரிக்கை வரும், எச்சரிக்கும் முன் கருவி அவரிடமே ‘நலமா?’ என்று கேட்டுச் சில நொடி காத்திருக்குமா, இதைக் கேளுங்கள். நான் அதிகம் மதிப்பது இரண்டாவதை. அந்தச் சில நொடிக் காத்திருப்பு பெரும்பாலான பொய்களை வடிகட்டிவிடும்.

நான்காவது வழி பலருக்குத் தெரிவதில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டயான் குக் தலைமையிலான காசஸ் திட்டம் போன்ற ஆய்வுகள், பிஐஆரும் கதவு சென்சாரும் போன்ற எளிய கருவிகளை வீடெங்கும் வைத்து, அவற்றின் வரிசையிலிருந்தே சமைக்கிறார், உறங்குகிறார் என்று அன்றாடச் செயல்களை அறியலாம் என்று காட்டின. காலையில் வழக்கமாகத் திறக்கும் குளிர்பெட்டி இன்று திறக்கவில்லை, குளியலறைக்குள் போனவர் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை. விழுந்த கணத்தை இது பிடிக்காது. ஆனால் மெதுவாகச் சரிந்ததையும், மயங்கியதையும், பல வாரமாக இரவில் அதிகம் எழுவதையும் பிடிக்கும். மேலே சொன்ன மூன்றும் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே தனியாக வாழும் முதியவருக்கு என் பரிந்துரை: குளியலறையிலும் படுக்கையறையிலும் ரேடார், கழுத்திலோ கையிலோ பொத்தான், வீடெங்கும் நாலைந்து பிஐஆர். கேமரா வேண்டாம். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பொத்தானை வாங்குங்கள், அணிய மறுப்பவராக இருந்தால் குளியலறை ரேடாரை. எதை வாங்கினாலும் முதலில் அவரிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் வைக்கும் பழக்கம் பெருகுவதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது.

யார் அவர்

இந்தக் கேள்வி உண்மையில் தேவைப்படும் இடங்கள் குறைவு. கதவு திறப்பது, மருத்துவமனையில் குறிப்பிட்ட செவிலியரையோ கருவியையோ தேடுவது, ஒரே வீட்டில் இருவருக்கு வேறு வேறு வெப்பநிலை பிடிப்பது. தேவைப்பட்டால் டேக் (ஆக்டிவ் பேட்ஜ் போல, உடன் வைத்திருப்பவரின் அடையாளத்தை அலையில் அனுப்பும் சிறு கருவி) அல்லது முக அடையாளம் என்ற இரண்டில் டேக்கையே தேர்ந்தெடுங்கள். டேக்கைக் கழற்றி வைக்கலாம், முகத்தை முடியாது. திருடுபோன டேக்கை ரத்து செய்யலாம், முகத்தை முடியாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காணப் பயன்படும் உயிரியல் தரவைத் தனிப் பாதுகாப்புள்ள வகையில் சேர்த்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல், பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகம் போன்ற உடல் தரவிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. அங்கே கட்டடம் நடத்தாதவர்களும் இதை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

டேக்கிலும் இரண்டு வகை. புளூடூத் அலையின் பலத்தைக் கொண்டு தூரம் ஊகிப்பது மலிவு, ஆனால் சில மீட்டர் பிசகும். உங்கள் உடலே அந்த அலையை விழுங்குவதால் முதுகைத் திருப்பினாலே தூரம் மாறும். அல்ட்ரா வைட்பேண்ட் அலை போய்வரும் நேரத்தை அளப்பதால் சில பத்து சென்டிமீட்டருக்குள் சொல்லும். அறைக்கு அறை நிலைக்கருவிகள் வேண்டும், செலவு அதிகம். 2024இல் வந்த புளூடூத் 6.0 தூரத்தை அளக்கும் புதிய முறையைக் கொண்டுவந்து இந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது. எந்த அறை என்று தெரிந்தால் போதுமானால் புளூடூத். எந்த மேசை, எந்தக் கட்டில் என்றால் அல்ட்ரா வைட்பேண்ட். போனையே டேக்காகக் கொள்ளும் திட்டங்களில் ஒன்றை நினைவில் வையுங்கள்: வீட்டுக்குள் பலர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் நடமாடுவார்கள்.

முடிவெடுக்கும் மூளை எங்கே

சென்சாரைவிட இதில்தான் பின்னால் அதிக வலி வரும். ஸ்விட்ச் போட்டது போல உடனே எரிந்தது என்று நாம் உணர, 0.1 நொடிக்குள் வேலை நடக்க வேண்டும். சென்சாரின் செய்தி தொலைதூரச் சர்வருக்குப் போய்த் திரும்பினால் அது உறுதியில்லை. இணையம் நின்றால் விளக்கே எரியாது. நிறுவனம் நின்றாலும் அப்படித்தான். ஹப் என்பது வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டி. 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வின் ஹப், 2016இல் சேவை நிறுத்தப்பட்டபோது வாங்கியவர்கள் வீட்டில் வெறும் பெட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன.

ஆகவே விளக்கு, கதவு, வெப்பநிலை, விழுந்ததற்கான எச்சரிக்கை இவற்றின் விதிகள் வீட்டுக்குள் இருக்கும் ஹப்பிலேயே ஓட வேண்டும். எச்சரிக்கையை வெளியே அனுப்ப மட்டும் இணையம் வேண்டும், அதற்கும் மொபைல் வழி ஒரு மாற்றுப் பாதை இருக்கட்டும். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் தரநிலை, வேறு வேறு நிறுவனங்களின் கருவிகள் உள்ளூர் வலைக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது. புதிதாக வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கலாம். பேட்டரிக் கருவிகளுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறைகளான த்ரெட் அல்லது ஸிக்பீ, வயரில் ஓடும் ரேடாருக்கு வைஃபையும் பரவாயில்லை. வழக்கத்தைக் கற்பது, மாதக் கணக்கைப் பார்ப்பது போன்ற அவசரமில்லாத வேலைகளைக் கிளவுடுக்கு அனுப்பலாம், அதுவும் வீட்டில் உள்ளவர்கள் சம்மதித்தால்.

பதிவுகளையும் மறக்க வேண்டாம். பிஐஆர் ஒன்றும் அப்பாவி இல்லை: மூன்று மாதப் பதிவு கையில் கிடைத்தால், வீடு எந்நேரம் காலி, யார் இரவில் தூங்குவதில்லை என்பதைப் படித்துவிடலாம். விளக்கு எரிய நேற்றைய பதிவு தேவையில்லை, ஒரு வாரத்தில் அழியும்படி வைத்தால் போதும். முதியவர் நலத்துக்கான பதிவு மட்டும் நீண்ட காலம் இருக்கலாம். அதை யார் பார்க்கலாம் என்பதை அவரே சொல்லட்டும்.

வாங்கியதும் ஆணி அடித்து மாட்டிவிடாமல், ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு வாரம் ஓடவிடுங்கள். விளக்கோடு இணைக்க வேண்டாம், பதிவை மட்டும் பாருங்கள். ரேடாருக்கு முன் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு அறையைக் காலி செய்யுங்கள். பக்கத்து அறையில் ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். சென்சாரை நேர் எதிரே நடந்து அணுகிப் பாருங்கள், பிறகு குறுக்கே. படிக்கட்டில் தவறி அணைவது ஆபத்து, ஆகவே அங்கே அணையும் நேரத்தை நீட்டி வையுங்கள். சாமான் அறையில் அரை நிமிடம் போதும். சுவரில் இருக்கும் சாதாரண ஸ்விட்சைக் கழற்ற வேண்டாம். விருந்தாளியாக வந்தவருக்கு உங்கள் அறையின் விதிகள் தெரியாது, நள்ளிரவில் விளக்கைப் போட அவர் கை அந்த ஸ்விட்சைத்தான் தேடும்.